தலைக்கு மேலே ஓர் இரகசியம்: ஆளில்லா இராணுவ விண்விமானங்களும் நமது பாதுகாப்பும்

முன்னுரை

விண்வெளி என்றவுடன் நம்மில் பலருக்கு நிலவில் பதிந்த காலடியும், வீட்டுக் கூரையில் பொருத்திய ஆஸ்ட்ரோ தட்டும் நினைவுக்கு வரும். மழை வலுத்துத் தொலைக்காட்சியில் படம் நின்றுபோனால்தான், தலைக்கு மேல் ஒரு செயற்கைக்கோள் நமக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதே உணர்வுக்கு எட்டும். ஆனால், அதே வானில் வேறு சில ஊர்திகளும் உலவுகின்றன. அவற்றில் மனிதர் எவரும் இருப்பதில்லை. அவை மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் பூமியைச் சுற்றுகின்றன. பிறகு ஒருநாள் சாதாரண விமானம்போல் ஓடுபாதையில் வந்து இறங்குகின்றன. அவை எதைச் சுமந்து சென்றன, எந்த எரிபொருளைக் கொண்டுள்ளன, எந்நாளில் எவ்வழியாகத் திரும்பும் என்பனவெல்லாம் பெரும்பாலும் வெளியில் சொல்லப்படுவதில்லை. ஆளில்லா இராணுவ விண்விமானங்கள் என்பவை இவையே.

கோப்பெங் போன்ற ஒரு சிற்றூரில் வாழ்பவருக்கு இதனால் என்ன வந்தது என்று வாசகர்கள் வினவலாம். அந்த வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விண்விமானம் என்றால் என்ன, அதனால் விளையக்கூடிய ஆபத்துகள் யாவை, அதனைச் சூழ்ந்துள்ள இரகசியத்தில் எவ்வளவு நியாயமானது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

விண்விமானம் என்பது யாது?

வழக்கமான ஏவூர்தி ஒருமுறை மட்டுமே பயன்படும். தான் சுமந்த செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபின் அதன் பகுதிகள் கடலில் விழும். அல்லது காற்று மண்டலத்தில் எரியும். விண்விமானமோ ஏவூர்தியின் தலையில் அமர்ந்து மேலே செல்லும். திரும்பும்போது தன் இறக்கைகளின் துணையால் சறுக்கி இறங்கும். சுற்றுப்பாதையில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து கோப்பெங்கிற்கு வர மூன்றே நொடி போதும்! அவ்வளவு வேகத்தையும் காற்றின் உராய்வால் குறைக்க வேண்டியிருப்பதால், திரும்பும் ஊர்தியின் முன்விளிம்புகள் 1,600 பாகை செல்சியசு வரை சூடேறும். அவ்வெப்பத்தைத் தாங்கும் ஓடுகளும் கவசமும் விண்விமானத்தின் உயிர்நாடி எனலாம்.

இத்துறையில் முதலில் புகழ்பெற்றது அமெரிக்காவின் விண்ணோடம். அது 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. அதில் விண்வெளி வீரர்கள் பயணம் செய்தனர். ஆளில்லாமல் சென்று தானாகவே தரையிறங்கும் ஆற்றலைச் சோவியத் நாட்டின் புரான் விண்ணோடம் 15 நவம்பர் 1988இல் மெய்ப்பித்துக் காட்டியது. அதன்பின் அது பறக்கவே இல்லை.

இன்று பறப்பவற்றுள் நாம் அதிகம் அறிந்தது அமெரிக்காவின் எக்ஸ்-37பி. இதனைப் போயிங் நிறுவனம் தயாரித்தது. நாசா 1999இல் தொடங்கிய இத்திட்டம் 2004இல் இராணுவ ஆய்வுத் துறையின் கைக்கு மாறியது. ஊர்தியின் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். இறக்கைகளின் அகலம் 4.5 மீட்டர், ஏவும்போது எடை ஏறத்தாழ 5 டன். பள்ளிப் பேருந்தைவிடச் சிறியது. அதன் முதற்பயணம் 22 ஏப்ரல் 2010இல் தொடங்கி 224 நாள்களில் முடிந்தது. ஆறாவது பயணமோ 17 மே 2020 முதல் 12 நவம்பர் 2022 வரை 908 நாள்கள் நீடித்தது. ஏழாவது பயணம் 7 மார்ச் 2025இல் நிறைவுற்றது. எட்டாவது பயணம் அதே ஆண்டு ஆகஸ்ட்டு 21இல் தொடங்கியது.

சீனாவும் இத்தகைய ஊர்தியைப் பறக்கவிட்டுள்ளது. 2020 செப்டம்பரில் ஏவப்பட்டது இரண்டு நாள்களில் திரும்பியது. 2022 ஆகஸ்ட்டில் சென்றது 276 நாள்களும், 2023 டிசம்பரில் சென்றது 268 நாள்களும் விண்ணில் இருந்தன. 'மீண்டும் பயன்படுத்தக்கூடிய சோதனை விண்கலம்' என்ற சில வரிச் செய்தியோடு அதிகாரப்பூர்வ அறிவிப்பு நின்றுவிட்டது.

கோப்பெங்கின் வானத்தில் ஒரு கணக்கு

இவ்வூர்திகளை ஏவும் நாடுகள் நம்மிடமிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆயினும் அவை நம் வானத்தைத் தொடாமல் சுற்ற முடியாது. ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் பேனாவால் ஒரு கோடு வரையுங்கள். அதுவே பூமத்திய ரேகை. இப்போது ஒரு ரப்பர் வளையத்தைப் பழத்தின் மீது அது சரிபாதியாகப் பிரியுமாறு மாட்டுங்கள். வளையத்தை எப்படிச் சாய்த்தாலும் அது நடுக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டியே தீரும். எந்தச் சுற்றுப்பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றியே அமைவதால், ஒவ்வொரு சுற்றிலும் ஊர்தி பூமத்திய ரேகையை இருமுறை கடக்கிறது.

கோப்பெங் அந்த ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் அமைந்துள்ளது. 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஓர் ஊர்தி ஒரு சுற்றை 92 நிமிடத்தில் முடிக்கும் எனக் கொண்டால், நாளொன்றுக்குப் பதினைந்தரைச் சுற்றுகள் ஆகின்றன. 908 நாள்களுக்கு நான் கணக்கிட்டுப் பார்த்தபோது, பூமத்திய வட்டாரத்தை அது ஏறத்தாழ 28,000 முறை கடந்திருக்க வேண்டும் என்ற விடை கிடைத்தது.

இதனால் கோப்பெங்கிற்கு நேர் மேலே 28,000 முறை பறந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. பூமியும் சுழல்வதால், ஒவ்வொரு சுற்றிலும் கடக்கும் இடம் மேற்கே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தள்ளிப்போகும். மலேசியா, இந்தோனேசியா, இலங்கை, ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி, பிரேசில் என்று இந்தக் கோட்டை ஒட்டிய நாடுகள் மாறி மாறி அதன் கீழே வருகின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வூர்திகளை ஏவாத நாடுகளும் ஏவும் நாடுகளைப் போலவே அவற்றின் பாதைக்குக் கீழே இருக்கின்றன. பாதைக்குக் கீழே வாழும் மக்களின் சம்மதத்தை எவரும் கேட்டதில்லை.

ஆபத்துகள் யாவை?

முதலாவது, நச்சு எரிபொருள். விண்ணில் மாதக் கணக்கில் காத்திருந்து வேண்டிய நொடியில் எரிய வேண்டிய எரிபொருள்கள் பெரும்பாலும் ஐதரசீன் வகையைச் சேர்ந்தவை. ஐதரசீன் நிறமற்ற திரவம். அமோனியாவைப் போன்ற நெடி உடையது. அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும், கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்றும் கருதப்படுகிறது. எக்ஸ்-37பி தரையிறங்கியபின் எடுக்கப்பட்டு அமெரிக்க விமானப்படையே வெளியிட்ட படங்களில், ஊர்தியை முதலில் நெருங்கும் பணியாளர்கள் தலை முதல் கால் வரை மூடிய, தனிக் காற்றுவசதி கொண்ட பாதுகாப்பு உடையை அணிந்திருப்பதைக் காணலாம். வாய் சொல்லாததை உடை சொல்லிவிடுகிறது. அந்த ஊர்தியை அறிந்த வல்லுநர்களே அவ்வளவு தற்காப்போடு நெருங்குகிறார்கள் என்றால், எதுவும் அறியாத ஒருவர் அதன் உடைந்த பாகத்தைத் தம் தோட்டத்தில் கண்டெடுத்தால் என்ன ஆகும்?

ஐதரசீனின் ஆபத்தை இராணுவமே ஒப்புக்கொண்ட நிகழ்வும் உண்டு. 2008 பிப்ரவரியில் செயலிழந்து விழவிருந்த தன் உளவுச் செயற்கைக்கோள் ஒன்றை அமெரிக்கா கடற்படைக் கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணையால் தகர்த்தது. அதன் கலனில் இருந்த சுமார் 450 கிலோகிராம் ஐதரசீன் மக்கள் வாழும் இடத்தில் விழக்கூடும் என்பதே கூறப்பட்ட காரணம்.

இரண்டாவது, சிதறி விழுதல். 1 பிப்ரவரி 2003இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் திரும்பிய கொலம்பியா விண்ணோடம் காற்று மண்டலத்தில் சிதறியது. அதன் துண்டுகள் டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் பரந்து விழுந்தன. 80,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சேகரிக்கப்பட்டன. நச்சு எரிபொருளின் எச்சம் இருக்கலாம் என்பதால் எதையும் தொட வேண்டாம், கண்டவுடன் தெரிவியுங்கள் என்று மக்கள் உடனடியாக எச்சரிக்கப்பட்டனர். அது பொதுமக்கள் அறிந்த ஊர்தி. அதன் பாதையும் நேரமும் எரிபொருளும் ஊரறிந்தவை. அதனால்தான் எச்சரிக்கை மணிக்கணக்கில் எட்டியது. அதே விபத்து ஓர் இரகசிய ஊர்திக்கு, வேறொரு நாட்டின் வானில் நேர்ந்திருந்தால் எச்சரிக்கும் பொறுப்பை யார் ஏற்றிருப்பார்?

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 31 ஜூலை 2022 அன்று நள்ளிரவு தாண்டி, கூச்சிங் வானில் ஒளிக்கற்றைகள் நீண்டு சென்றதைச் சரவாக் மக்கள் கைப்பேசிகளில் படம் பிடித்தனர். எரிகல் என்றே பலரும் எண்ணினர். உண்மையில் அது சீனாவின் லாங் மார்ச் 5பி ஏவூர்தியின் இருபது டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள நடுப்பகுதி. அதன் துண்டுகள் இந்தோனேசியாவின் கலிமந்தானிலும் சரவாக்கிலும் கண்டெடுக்கப்பட்டன. அந்த ஏவூர்தி விண்விமானமும் அன்று, இரகசியமானதும் அன்று. விண்வெளி நிலையத்தின் பகுதியொன்றை உலகறியச் சுமந்து சென்றதுதான். ஆயினும், அது விழும் பாதை குறித்த விவரங்களைச் சீனா முன்கூட்டியே பகிரவில்லை என்று நாசாவின் தலைவர் அப்போது குறை கூறினார். வெளிப்படையான திட்டத்திலேயே நிலைமை இதுவென்றால், இரகசியத் திட்டத்தில் என்ன எதிர்பார்க்க முடியும்?

மூன்றாவது, விண்குப்பை. விண்விமானங்கள் சிறு செயற்கைக்கோள்களைச் சத்தமின்றி வெளியே விடவும் வல்லவை. எக்ஸ்-37பியின் ஐந்தாம் பயணம் 2019 அக்டோபரில் முடிந்தது. அது மூன்று சிறு செயற்கைக்கோள்களை வெளியிட்டது என்பது 2020 பிப்ரவரியில்தான் வெளியே தெரிந்தது. சீன ஊர்திகளும் தம் பயணங்களில் பொருள்களை வெளியிட்டுள்ளன. எங்கே இருக்கிறது என்று தெரியாத பொருளிலிருந்து மற்றச் செயற்கைக்கோள் விலகிச் செல்வது எப்படி? விண்ணில் மோதுபவை நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதுகின்றன. ஓர் ஆணிகூடக் குண்டாகிவிடும்.

நான்காவது, தரையிறங்கும்போது நேரும் இடர்கள். எக்ஸ்-37பி முதன்முறை கலிபோர்னியாவில் இறங்கியபோது அதன் சக்கரங்களுள் ஒன்று வெடித்தது. 7 மே 2017இல் முன்னறிவிப்பு ஏதுமின்றிப் புளோரிடாவில் இறங்கியபோது, ஒலியை மிஞ்சிய வேகத்தால் எழுந்த பேரொலி அவ்வட்டார மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. முடிவுற்ற ஏழு பயணங்களிலும் தரையில் எவரும் காயமுற்றதாகப் பதிவு இல்லை என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இரகசியம் யாரிடமிருந்து?

எந்த நாட்டிற்கும் தற்காப்பு இரகசியங்கள் இருக்கும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், இந்த இரகசியம் உண்மையில் யாரிடமிருந்து காக்கப்படுகிறது என்று ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும்.

2010 ஏப்ரலில் எக்ஸ்-37பி முதன்முறை ஏவப்பட்டபோது அதன் சுற்றுப்பாதை அறிவிக்கப்படவில்லை. ஒரு மாதத்திற்குள், கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பொழுதுபோக்கு ஆர்வலர்கள் அதனைத் தம் கருவிகளால் கண்டுபிடித்துப் பாதையைக் கணக்கிட்டு வெளியிட்டனர். வீட்டுக் கொல்லையில் நின்று பார்ப்பவருக்கே தெரிந்தது, பெரும் ரேடார்களை வைத்திருக்கும் எதிரி நாடுகளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆக, வல்லரசுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. பார்க்கும் வசதியற்ற எளிய நாடுகளும், அந்நாடுகளின் சாதாரண மக்களுமே இருட்டில் நிறுத்தப்படுகின்றனர். எதிரியிடமிருந்து மறைப்பதற்காகப் போட்ட திரை, கீழே வாழும் குடியானவரின் கண்ணைத்தான் மறைக்கிறது.

மறைத்ததால் நேர்ந்த கேட்டுக்கு வரலாற்றிலும் சான்று உண்டு. சோவியத் நாட்டின் கோஸ்மோஸ் 954 என்ற உளவுச் செயற்கைக்கோள் 24 ஜனவரி 1978இல் வட கனடாவில் விழுந்தது. அதனுள் இயங்கியது ஓர் அணு உலை. கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பனிவெளியில் மாதக் கணக்கில் அலைய நேர்ந்தது. கனடா 60 இலட்சம் டாலர் இழப்பீடு கோரியது; சோவியத் அரசு 1981இல் 30 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

பேராக் மண் கற்றுத் தந்த பாடம்

ஆபத்துக்கு மிக அருகில் இருப்பவரே அதனைக் கடைசியாக அறிகிறார். இதனைப் புரிந்துகொள்ள விண்வெளி வரை செல்ல வேண்டியதில்லை. எங்கள் கிந்தா பள்ளத்தாக்கே போதும்.

கோப்பெங் ஈய லம்பங்களால் வளர்ந்த ஊர். ஈய மணலை அரித்தபின் எஞ்சும் 'அமாங்' என்ற கழிவு மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தின் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அதனைப் புதைக்கப் பாப்பான் அருகே குழிகள் தோண்டப்பட்டபோது, 1984இல் அவ்வட்டார மக்கள் எதிர்த்து நின்றனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. வழக்கில் யார் வென்றார் என்பதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்றே: தம் வீட்டருகே என்ன புதைக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்ளவே அம்மக்கள் போராட வேண்டியிருந்தது.

இதே பாடத்தை என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். என் பாட்டி கோப்பெங் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை செய்தவர். மருந்து நீர் கலந்த நிலையில் வாளியில்தான் கைக்கு வரும். புட்டியையோ அதன் மீது ஒட்டிய எச்சரிக்கைத் தாளையோ அவர் கண்ணால் கண்டதில்லை. கையுறை கொடுக்கப்பட்டதில்லை. விரல் நகங்கள் கறுத்துக் கழன்ற பிறகே, "இது சாதாரணத் தண்ணி இல்ல போல" என்று பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டார்களாம். "என்ன மருந்துன்னு கேட்டிருக்கலாமே, பாட்டி?" என்றேன். "யாருகிட்ட ஐயா கேக்குறது? கேட்டா நாளைக்குப் பேரு கொடுக்க மாட்டாங்க" என்றார். அது எந்த மருந்து என்று அவருக்கு இன்றும் தெரியாது. தோட்டங்களில் பரவலாகப் பயன்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1 ஜனவரி 2020இல்தான்.

களைக்கொல்லியும் விண்விமானமும் ஒன்றா என்று கேட்கலாம். கருவிகள் வேறு, ஆனால், நடைமுறை ஒன்றே. அறிந்தவர் ஓரிடத்தில் இருக்கிறார். ஆபத்தைச் சுமப்பவர் வேறிடத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு மௌனம் இருக்கிறது. மருந்துக் கலவையின் தொழில் இரகசியத்தைப் பாட்டி கேட்கவில்லை. அது தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டுமே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். விண்விமானத்திலும் நாம் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

இந்தியா காட்டும் இரு வழிகள்

பாதுகாப்பு விவரங்களைச் சொன்னால் தொழில்நுட்பம் களவு போய்விடும் என்பர். இக்கூற்று முழு உண்மையன்று என்பதற்கு இந்தியாவின் விண்விமானமே சான்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ, மறுபயன்பாட்டு ஏவூர்தியின் மாதிரியை 23 மே 2016இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. ஆறரை மீட்டர் நீளமும் 1.75 டன் எடையும் கொண்ட அது 65 கிலோமீட்டர் உயரத்தை எட்டி, ஒலியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில் வங்காள விரிகுடாவில் இறங்கியது. அதனை உருவாக்கிய திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர், கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பயின்ற கை. சிவன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

பின்னர், கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 'புஷ்பக்' ஊர்தியை ஹெலிகாப்டரில் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் உயரத்திற்குக் கொண்டுசென்று விடுவித்து, தானாகவே தரையிறங்கச் செய்யும் சோதனைகள் நடந்தன. 2 ஏப்ரல் 2023, 22 மார்ச் 2024, 23 ஜூன் 2024 ஆகிய மூன்று நாள்களிலும் அவை வெற்றி பெற்றன. இராணுவ ஆய்வு நிறுவனமும் விமானப்படையும் இச்சோதனைகளில் பங்கெடுத்தன. ஆயினும், உயரம், வேகம், இடம், முடிவு ஆகியன படங்களோடு வெளியிடப்பட்டன. இந்தியாவின் தற்காப்பு அதனால் தளர்ந்துவிடவில்லை.

அதே இந்தியா வேறு வழியிலும் நடந்தது. 27 மார்ச் 2019இல் தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்துவிட்டு, அதன் பின்னரே உலகிற்கு அறிவித்தது. சிதறிய துண்டுகளுள் சில பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டிச் சென்றதாக நாசா கூறியது. நம் இனத்தவர் பணியாற்றும் நாடு என்பதற்காக இதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஒரே நாட்டால் வெளிப்படையாகவும் நடக்க முடிகிறது, மறைவாகவும் நடக்க முடிகிறது என்றால், வெளிப்படைத்தன்மை இயலாத காரியம் அன்று. அது விருப்பத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவும் 2024 அக்டோபரில், எக்ஸ்-37பி காற்று மண்டலத்தின் மேற்பகுதியை உரசிச் சுற்றுப்பாதையை மாற்றப் போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தது. அதனால் அந்த ஊர்திக்குக் கேடு வரவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பத்திரமாகத் தரையிறங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடுக்கிறது. இராணுவ ஊர்திகள் அனைத்தையும் தடுக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையின்படி, விண்பொருள் விழுந்து தரையில் சேதம் விளைந்தால், தவறு யாருடையது என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஏவிய நாடே இழப்பீடு தர வேண்டும். 1975ஆம் ஆண்டின் பதிவு உடன்படிக்கை, ஏவிய பொருளின் சுற்றுப்பாதையையும் பொதுவான பணியையும் ஐக்கிய நாட்டு நிறுவனத்திடம் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால், இத்தனை நாளுக்குள் என்று அது வரையறுக்கவில்லை. இயன்ற விரைவில் என்று மட்டுமே கூறுகிறது. இரகசியம் நுழையும் ஓட்டை அதுதான். இழப்பீடு பற்றிய சட்டம் விழுந்த பிறகு பேசுகிறது. விழுமுன் எச்சரிப்பதைக் கட்டாயமாக்கவில்லை. நம் நாடு 2022இல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டத்தை இயற்றியது. அது நம் நாட்டு விண்வெளி நடவடிக்கைகளை நெறிப்படுத்தும். பிற நாட்டு இராணுவங்களைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே, ஏவும் நாடுகளிடம் நான்கு விவரங்களையேனும் கேட்கும் உரிமை கீழே வாழும் நாடுகளுக்கு வேண்டும் என்பது என் கருத்து.

1. ஊர்தியில் உள்ள நச்சு எரிபொருளின் வகையும் அளவும்.
2. திரும்பும் நேரமும் பாதையும். விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் இத்தகைய அறிவிப்புகள் தரப்படுவது வழக்கம். தரையில் வாழ்வோருக்கும் அது எட்ட வேண்டும்.
3. நடுவழியில் வெளியிடப்படும் ஒவ்வொரு பொருளின் பதிவும், குறிப்பிட்ட நாள் கெடுவுக்குள்.
4. விபத்து நேர்ந்தால் மணிக்கணக்கில் எட்டும் எச்சரிக்கை.

ஊர்தியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவி என்ன, அது யாரை உளவு பார்க்கிறது என்ற வினா இந்நான்கிலும் இல்லை. இவற்றைச் சொல்வதால் எந்தப் படையும் தோற்றுவிடாது.

மாற்றுக் கருத்துகள்

விண்பொருள் தலையில் விழும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பர். உண்மைதான். தனியொருவருக்கு அது குறைவு. ஆனால், ஒரு சிறு ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் ஒருவராகவும், அதனைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, 'குறைவு' என்ற சொல்லை முன்னவர் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. மேலும், இத்தகைய ஊர்திகள் பெருகப் பெருக அந்த வாய்ப்பும் பெருகும்.

முன்கூட்டியே சொன்னால் மக்கள் பீதியடைவர் என்பது இன்னொரு வாதம். சரவாக் மக்கள் வானத்து ஒளியைக் கண்டு ஓடவில்லை. நின்று படம் பிடித்தனர். பீதி தகவலால் பிறப்பதில்லை. தகவல் இல்லாத இடத்தில் வதந்தியால் பிறக்கிறது. விளக்கம் சரியான நேரத்தில், புரியும் மொழியில் கிடைத்தால் மக்கள் அமைதியாகவே நடந்துகொள்வர்.

முடிவுரை

புரியும் மொழி என்று சொன்னேன். தமிழ் மொழிக் கழகத்தினராகிய நமக்கு இவ்விடத்தில்தான் வேலை இருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் அறிவியல் பயின்றேன். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கில நூல்களைப் புரட்டுகிறேன். மும்மொழியில் படிக்கும் வாய்ப்பு என் பாட்டிக்குக் கிட்டவில்லை. ஆகவே, அவருக்கு எட்டாத எச்சரிக்கையை எட்டச் செய்யும் கடமை நம் தலைமுறையைச் சார்ந்தது. அதற்கு முதற்படியாக, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லி வைக்க வேண்டியவை சில. தோட்டத்திலோ, ஆற்றங்கரையிலோ, கைவிடப்பட்ட லம்பத்திலோ கருகிய உலோகத் துண்டையோ, உருண்டையான கலனையோ, அறியாத தகட்டையோ கண்டால் கையால் தொடக் கூடாது. பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்லவே கூடாது. நெடி வீசினால் காற்று வரும் திசைக்கு விலகி நிற்க வேண்டும். பிள்ளைகளை அண்டவிடாமல், 999 எண்ணுக்கு அழைத்துக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசிய விண்வெளி நிறுவனம் அதனை ஆராயும்.

வல்லரசுகளின் கதவை நாம் இன்றே தட்டித் திறந்துவிட முடியாது. எனினும், கேட்பவர் இருந்தால்தான் என்றேனும் ஒருநாள் விடை சொல்பவர் இருப்பார். கூரைக்கு மேலே பறப்பது எதுவாயினும், கூரைக்குக் கீழே இருப்பவரின் உயிர் அதனினும் சிறியதன்று. நண்பர்களே, நம் வானத்தில் என்ன பறக்கிறது என்று கேட்கப் பழகுவோம். அறிந்ததை நம் மக்களின் மொழியில் எடுத்துச் சொல்வோம்!